மலேரியா கல்ச்சர் வளர மறுத்தால்: அறிகுறி பார்த்துப் பிழை தேடும் வழி

"கல்ச்சர் சாகிறது, என்ன செய்யலாம்?" என்று யாராவது ஃபிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு வந்தால், நான் முதலில் இன்றைய ஸ்லைடையும் நேற்றைய ஸ்லைடையும்தான் கேட்பேன். மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரத்தை மனித சிவப்பணுக்களில் வைத்துத் தொடர்ந்து வளர்க்கலாம் என்று ட்ரேகரும் ஜென்சனும் 1976-ல் காட்டினார்கள். செய்முறை அதற்கப்புறம் அடிப்படையில் பெரிதாக மாறவில்லை. அதனால் அது கெடும் இடங்களும் மாறவில்லை. ஒரே கோளாறைத் திரும்பத் திரும்பச் சரிசெய்து பார்த்ததில் சேர்ந்த குறிப்புகள் இவை. ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலில் சொல்கிறேன், காசும் நாளும் பிடிப்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

## தேட ஆரம்பிக்கும் முன்

உங்கள் கல்ச்சர் இருக்க வேண்டிய நிலை இதுதானா என்று ஒருமுறை சரிபாருங்கள். ஊடகம், அதாவது ஒட்டுண்ணி வளரும் ஊட்டத் திரவம், ஆர்.பி.எம்.ஐ 1640. அதில் 25 மில்லிமோலார் ஹெப்பீஸ் பஃபர், சோடியம் பைகார்பனேட், ஹைபோசாந்தைன், ஜென்டாமைசின் ஆன்டிபயாடிக், அப்புறம் 0.5 சதவீதம் ஆல்புமேக்ஸ் (சீரத்துக்கு மாற்றான அல்புமின் கலவை) அல்லது 10 சதவீதம் மனித சீரம். வெப்பம் 37 டிகிரி. வாயு 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, 5 சதவீதம் அல்லது அதற்கும் குறைந்த ஆக்சிஜன், மீதி நைட்ரஜன். ஹெமடோகிரிட், அதாவது கலவையில் சிவப்பணுக்களின் கன அளவுப் பங்கு, 2 முதல் 4 சதவீதம். பாராசிட்டீமியா, அதாவது நூறு சிவப்பணுவில் எத்தனையில் ஒட்டுண்ணி இருக்கிறது என்ற கணக்கு, அசையாமல் வைக்கும் ஃபிளாஸ்கில் 5 சதவீதத்தைத் தாண்டாமல் இருக்க வேண்டும்.

இன்னொன்று. எதை மாற்றினாலும் கல்ச்சரை இரண்டாகப் பிரித்து, ஒரு ஃபிளாஸ்கில் மட்டும், ஒரே ஒரு மாற்றத்தைச் செய்யுங்கள். பதற்றத்தில் ரத்தம், ஊடகம், வாயு மூன்றையும் ஒரே நாளில் மாற்றியவர்களுக்குக் கல்ச்சர் பிழைத்தாலும் காரணம் தெரியாமலே போய்விடும். அடுத்த மாதம் அதே கோளாறோடு வருவார்கள்.

## ஸ்லைடில் எதுவுமே தெளிவாகத் தெரியவில்லை

இதை முதலில் ஒழித்துவிடுங்கள். கல்ச்சர் நன்றாக இருந்து, சாயம் கெட்டிருந்தாலும் இப்படித்தான் தெரியும்.

எல்லாமே சிவப்பாக, ஒட்டுண்ணியின் நீலம் இல்லாமல் இருந்தால் சாயம் கரைத்த பஃபர் அமிலப்பக்கம் போயிருக்கிறது. எல்லாமே நீலமாக இருந்தால் காரப்பக்கம். பி.எச். 7.2 பஃபரைப் புதிதாகக் கலந்து, 10 சதவீத ஜீம்சா சாயத்தை அன்றே தயாரித்து, 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். காலையில் கலந்ததை மாலைக்கு வைத்துக்கொள்ள வேண்டாம்.

சிவப்பணுவுக்குள் பளபளவென்று ஓட்டை போலத் தெரிந்தால் மெத்தனாலில் ஈரம் சேர்ந்திருக்கிறது, இல்லையென்றால் பூச்சு காய்வதற்குள் மெத்தனாலில் முக்கிவிட்டீர்கள். புதியவர்கள் இந்த ஓட்டைகளை வளையநிலை (அணுவுக்குள் நுழைந்த ஒட்டுண்ணியின் முதல் நிலை) என்று எண்ணிவிடுகிறார்கள். வளையத்துக்கு நீல ஓரமும் அதில் ஒரு செந்நிறப் புள்ளியும் இருந்தாக வேண்டும். ஃபோகஸை மெல்ல ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஓட்டை என்றால் மின்னி மின்னி மறையும். ஒட்டுண்ணி என்றால் நிறம் நிற்கும்.

அணுக்களின் மேல் கருநீலத் துகள் என்றால் சாயம் படிந்திருக்கிறது. வடிகட்டிப் பயன்படுத்துங்கள், சாயத்தைக் கொட்டாமல் நீர் ஓட்டிக் கழுவுங்கள்.

## வளையங்கள் அழகாக இருக்கின்றன, ஆனால் எண்ணிக்கை ஏறவில்லை

அதிகம் கேட்கப்படுவது இதுதான். ஒரு சைசான்ட், அதாவது உடையத் தயாரான முதிர்ந்த ஒட்டுண்ணி, 16 முதல் 32 மீரோசோயிட் (புது அணுவைத் தொற்றும் சிறு ஒட்டுண்ணி) வரை விடும். அவற்றில் பெரும்பகுதி புது அணுவுக்குள் நுழையாமலே வீணாகும். அசையாத ஃபிளாஸ்கில் 48 மணி நேரச் சுழற்சிக்கு மூன்று முதல் ஐந்து மடங்கு ஏறினால் கல்ச்சர் நலமாக இருக்கிறது. இரண்டு சுழற்சியாக அதற்குக் கீழே நின்றால்தான் கவலைப்பட வேண்டும். கணக்கெடுக்கும்போது ஆயிரம் அணுவாவது எண்ணுங்கள். இருநூறு எண்ணிவிட்டு "ஏறவில்லை" என்பதை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

முதலில் மூடி. ஒருமுறை எங்கள் ஆய்வகத்தில் இரண்டு வாரம் எல்லா ஃபிளாஸ்கும் மந்தமாகிவிட்டன. ஊடகத்தைச் சந்தேகித்தோம், ரத்தத்தைச் சந்தேகித்தோம். கடைசியில் ஒரு ஃபிளாஸ்கை வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் மூடியின் நடுவில் மெல்லிய வெள்ளைச் சவ்வு கண்ணில் பட்டது. புதிதாக வந்த பெட்டி முழுக்கக் காற்றோட்ட மூடி. நாங்கள் பயன்படுத்தியதோ வாயு வசதி இல்லாத சாதாரண இன்குபேட்டர். ஊதி அடைத்த கலவையெல்லாம் அந்தச் சவ்வு வழியே வெளியேறிக்கொண்டிருந்தது. உங்களிடமும் ஃபிளாஸ்க் மாறியதா என்று பாருங்கள். வாயுக் கலவையை ஃபிளாஸ்குக்குள் ஊதி அடைப்பவர்களுக்குச் சவ்வில்லாத, இறுக்கி மூடும் மூடி வேண்டும்.

அடுத்து வாயு. ஊடகத்தின் நிறம் உதவும். காலையில் எடுக்கும்போதே ஊதாப்பக்கம் போயிருந்தால் கார்பன் டை ஆக்சைடு போதவில்லை. சிலிண்டர் அழுத்தம், குழாயில் விரிசல், ஊதும் நேரம் மூன்றையும் பாருங்கள். சிறிய ஃபிளாஸ்குக்கு அரை நிமிடம், பெரியதற்கு ஒரு நிமிடம். கிருமி வடிகட்டி நனைந்திருந்தால் வாயு போவதுபோல் தோன்றும், போகாது. சிலிண்டருக்குப் பதில் மெழுகுவர்த்தி ஜாடி (உள்ளே மெழுகுவர்த்தி எரித்து ஆக்சிஜனைக் குறைக்கும் ஜாடி) வைத்திருப்பவர்கள், சுடர் அணைகிற கணத்தில் வால்வை மூடியாக வேண்டும்.

ஆழம். ஃபிளாஸ்கைப் படுக்க வைத்திருக்கிறீர்களா? 25 சதுர செ.மீ. ஃபிளாஸ்கில் 5 மி.லி., 75-ல் 15 முதல் 25 மி.லி. போதும். தட்டு சாய்ந்திருந்தால் அணுக்கள் ஒரு மூலையில் குவிந்து மூச்சுத் திணறும்.

அப்புறம் ரத்தம். சந்தேகத்துக்கு மிகத் தகுதியானவர் கொடையாளர்தான். எடுத்து நான்கு வாரம் கடந்த ரத்தத்தில் ஒட்டுண்ணி நுழைவது குறையும். இரண்டு, மூன்று வாரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. கொடையாளர் சமீபத்தில் மலேரியா மருந்தோ சில ஆன்டிபயாடிக்கோ எடுத்திருந்தால் அதன் எச்சம் கல்ச்சரில் வேலை செய்யும். டாக்சிசைக்ளின் வகையின் நடத்தை கவனிக்க வேண்டியது: முதல் சுழற்சியில் எல்லாம் சரியாக இருக்கும், அடுத்ததில் சரியும். இரண்டாவது சுழற்சியில் மட்டும் விழுகிற கல்ச்சரைக் கண்டால் அதைத்தான் நான் முதலில் நினைப்பேன். அரிவாளணுப் பண்பு, ஜி6பிடி நொதிக் குறைபாடு போன்றவை உள்ள ரத்தமும் வளர்ச்சியைக் குறைக்கலாம்.

சோதனை எளிது. ஒரே தாய்க் கல்ச்சரிலிருந்து இரண்டு ஃபிளாஸ்க். ஒன்றில் பழைய பை, மற்றதில் புதுப் பை. 48 மணியிலும் 96 மணியிலும் எண்ணுங்கள். புதுப் பை வரும்போதெல்லாம் இதைச் செய்துவிட்டுத்தான் பழைய பையைத் தூக்கி எறிய வேண்டும்.

ஊடகம். இங்கே மறதிதான் பெரும்பாலும் காரணம். பைகார்பனேட் சேர்க்காமல் விட்டால் நிறமே காட்டிக்கொடுத்துவிடும். ஹைபோசாந்தைன் விட்டுப்போனால் அப்படிக் கண்ணில் படாது. டி.என்.ஏ.வுக்கு வேண்டிய பியூரினைத் தானே தயாரிக்க ஒட்டுண்ணியால் முடியாது, ஹைபோசாந்தைனிலிருந்துதான் எடுக்கும்; அது இல்லாவிட்டால் அணுவில் இருப்பதை வைத்துச் சற்று ஓட்டி மெல்ல இளைக்கும். ஹைபோசாந்தைன் நீரில் எளிதில் கரையாது. சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் கரைத்து வைத்திருப்பீர்கள். குளிரில் அந்தப் பாட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் நீங்கள் அளந்து எடுத்தது வெறும் மேல்நீர். ஆல்புமேக்ஸைப் பொறுத்தவரை, லாட்டுக்கு லாட் (தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி) வேறுபாடு உண்டு. எந்தத் தேதி எந்த லாட் என்று பாட்டிலில் எழுதாத ஆய்வகத்தில் இந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

கடைசியில் இன்குபேட்டர். முகப்பில் 37 என்று காட்டுவது உள்ளே 37 என்பதற்குச் சாட்சி ஆகாது. அளவு சரிபார்த்த வெப்பமானியை ஒரு நீர்ப் பாட்டிலில் செருகி, ஒவ்வொரு தட்டிலும் ஓரிரவு வைத்துப் பாருங்கள். ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் நிலையாக இருந்தால் கருவி பழுதுபார்ப்பவரைக் கூப்பிடுங்கள். திருகாணியை நீங்களே திருப்ப வேண்டாம்.

## வளையம் இருக்கிறது, முதிர்ந்த நிலை வருவதில்லை

வளையத்திலிருந்து அடுத்த நிலையான ட்ரோஃபோசோயிட்டாக முதிராமல் அப்படியே கருத்துப்போகிறதா? இரவில் வெப்பம் ஏறியிருக்கலாம். காய்ச்சல் அளவான 40, 41 டிகிரிக்கு முதிர்ந்த நிலைகள்தான் முதலில் பலியாகும். மின்சாரம் போய் வந்த பிறகு இன்குபேட்டர் எல்லை தாண்டிச் சுடுவது உண்டு. உச்சபட்சத்தைப் பதியும் வெப்பமானி இருந்தால் காலையில் உண்மை தெரியும்.

வெப்பம் சரி என்றால், பக்கத்து மேசையில் மருந்துச் சோதனை நடக்கிறதா என்று கேளுங்கள். மருந்து எடுத்த பிப்பெட் முனை ஒருமுறை ஊடகப் பாட்டிலுக்குள் போனால் போதும். ஆளுக்கொரு பாட்டில் என்று வைத்துக்கொண்டால் இந்தக் கேள்வியே எழாது.

## சுருங்கிய கரும்புள்ளிகளாக நிறைந்திருக்கின்றன

வெள்ளிக்கிழமை 4 சதவீதத்தில் விட்டுப்போய், திங்கள்கிழமை திறந்தால் இந்தக் காட்சி. கூட்டம் மிஞ்சிவிட்டது. லாக்டிக் அமிலம் சேர்ந்து ஊடகம் மஞ்சளாகியிருக்கும்.

பயந்து கொட்டிவிடாதீர்கள். செத்த ஒட்டுண்ணி, தான் இருந்த அணுவோடு சேர்ந்து பல நாள் ஸ்லைடில் தெரியும். அதனால் ஸ்லைடு கல்ச்சரைவிட மோசமாகத் தோன்றும். கரும்புள்ளிகளை விட்டுவிட்டு, நல்ல வளையம் ஒன்றாவது இருக்கிறதா என்று மட்டும் தேடுங்கள். இருந்தால், புது அணுக்கள் சேர்த்து 0.5 சதவீதத்துக்கு நீர்த்து, ஹெமடோகிரிட்டை 2 சதவீதமாக்கி, தினமும் ஊடகம் மாற்றுங்கள். மூன்று சுழற்சி கழித்தும் புது வளையம் பெருகவில்லை என்றால் உறைநிலைச் சேமிப்பிலிருந்து புதிதாக எடுப்பதுதான் வழி.

விடுமுறைக்கு முன் எவ்வளவுக்கு நீர்ப்பது என்ற கணக்கை மனதில் போடாதீர்கள், எழுதிப் போடுங்கள். சுழற்சிக்கு ஐந்து மடங்கு என்று வைத்துக்கொண்டால் நான்கு நாளில் 0.1 சதவீதம் 2.5 ஆகும்.

## ஊடகம் கலங்குகிறது, அணுக்கள் பழுப்பாகின்றன

ஒரே இரவில் மஞ்சளாகி, அணுப்படலம் கருத்தால் பாக்டீரியா. ஒரு துளியை ஸ்லைடில் பூசிச் சாயமிட்டால் அணுக்களுக்கு வெளியே குச்சியோ மணியோ தெரியும். இழை இழையாக மிதந்தால் பூஞ்சை. இரண்டுக்கும் ஒரே முடிவுதான்: அந்த ஃபிளாஸ்கைத் திறந்து முகர்ந்து பார்க்காமல் மூடியபடி எடுத்துப்போய், பிளீச் சேர்த்து ஊறவைத்து, உங்கள் நிறுவன விதிப்படி அழித்துவிடுங்கள். வேறெங்கும் பிரதி இல்லாத வகை என்றாலொழிய ஆன்டிபயாடிக்கைக் கூட்டி மீட்கப் பார்ப்பது வீண் உழைப்பு. அதோடு, டெட்ராசைக்ளின், கிளிண்டாமைசின், அசித்ரோமைசின் போன்றவை ஒட்டுண்ணியையே கொல்லும்.

மூலத்தைத் தேட மூன்று ஃபிளாஸ்க் போடுங்கள்: ஆன்டிபயாடிக் இல்லாத ஊடகம் மட்டும், ஊடகமும் கழுவிய ரத்தமும், ஊடகமும் ஆல்புமேக்ஸும். 37 டிகிரியில் மூன்று நாள் வையுங்கள். எது கலங்குகிறதோ அதுதான் குற்றவாளி. மூன்றும் தெளிவாகவே இருந்தால் கையும், வடிகட்டிய காற்று ஓடும் வேலைப் பெட்டியான ஹூடும்தான் மிச்சம். இன்குபேட்டர் நீர்த்தட்டைக் கழுவுங்கள், ஹூடைத் துடையுங்கள், வேலைக்கு முன் கால் மணி நேரம் ஓடவிடுங்கள். அப்புறமும் வந்தால் காற்றோட்டச் சோதனைக்கு உரிமம் பெற்ற தொழில்நுட்பரைக் கூப்பிட வேண்டும். வடிகட்டி ஓட்டையா என்பதை நாம் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

கலங்கவே இல்லை, ஆனாலும் வளர்ச்சி மந்தம், சோதனைக்குச் சோதனை முடிவு மாறுகிறது என்றால் மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியாவாக இருக்கலாம். செல்சுவர் இல்லாததால் பென்சிலின் அதைத் தொடாது, 0.2 மைக்ரான் வடிகட்டியிலும் நுழைந்து வரும். அதைக் கண்டுபிடிக்கப் பி.சி.ஆர். சோதனை செய்யுங்கள். வந்துவிட்டால், தொற்றில்லாத பழைய உறைநிலைக் குப்பிக்குத் திரும்புங்கள். அந்தக் குப்பிகளையும் சோதித்த பிறகுதான். மாற்றே இல்லாத வகை என்றால், இதை நீக்கிப் பழகிய வேறு ஆய்வகத்தின் உதவியைக் கேளுங்கள்.

## மேல்நீர் சிவக்கிறது

சைசான்ட்கள் உடையும் நேரத்தில் இலேசாகச் சிவப்பது இயல்பு. திராட்சைச்சாறு நிறத்துக்குப் போனால் அணுக்கள் உடைகின்றன.

ஃப்ரிட்ஜில் ரத்தப் பாட்டில் எங்கே இருந்தது என்று பாருங்கள். பின்சுவரை ஒட்டி வைத்த பாட்டிலின் அந்தப் பக்கம் மட்டும் உறைந்து உருகியிருக்கும். முன்பக்கத்தைப் பார்த்தால் தெரியாது. கழுவியதும் மேல்நீர் சிவப்பாகவே வந்துகொண்டிருக்கும். மூன்று முறை கழுவியும் தெளியாத ரத்தத்தைப் பயன்படுத்தாதீர்கள்.

அடுத்தது கழுவும் கரைசல்: உப்பு அளவு தவறியதா, ஒட்டுண்ணிகளை ஒரே வயதுக்குக் கொண்டுவரச் சேர்த்த சார்பிட்டால் முழுதாக நீங்கியதா? பிறகு சென்ட்ரிஃபியூஜ் வேகம். அணுக்கள் உடையாமல் கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டால் அது வேறு கதை. மனித சீரம் பயன்படுத்துகிறீர்கள், ரத்தப்பிரிவு பொருந்தவில்லை. ஓ அணுக்கள் அல்லது ஏபி சீரம், இரண்டில் ஒன்று இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

## உறைநிலையிலிருந்து எடுத்தது எழவில்லை

உருக்கிய அன்றைய மேல்நீரைக் கேட்டால் பாதி பதில் கிடைக்கும். அடர் சிவப்பாக இருந்து அணுப்படலம் சிறுத்திருந்தால் உப்புக்கரைசலை அவசரமாக ஊற்றியிருக்கிறீர்கள். ஒரு மி.லி. உருகிய கல்ச்சருக்கு 0.2 மி.லி. 12 சதவீத உப்புக்கரைசல், துளித்துளியாக, ஃபிளாஸ்கை மெல்ல ஆட்டிக்கொண்டே. ஐந்து நிமிடம் நிற்கட்டும். அப்புறம் 10 மி.லி. 1.6 சதவீதக் கரைசல், அதுவும் துளித்துளியாக. சுற்றி எடுத்து, கடைசியாக 0.9 சதவீத உப்பும் 0.2 சதவீதக் குளுக்கோஸும் சேர்ந்த கரைசல். இதில் அவசரப்பட்டு மிச்சம் பிடிக்கும் பத்து நிமிடத்துக்குப் பத்து நாள் காத்திருக்க நேரும்.

அணுப்படலம் நன்றாக இருந்தும் ஒட்டுண்ணி இல்லையென்றால், உறைய வைத்த நாளின் குறிப்பைத் தேடுங்கள். வளையநிலைதான் உறைவைத் தாங்கும். முதிர்ந்த நிலையில் உறைய வைத்த குப்பியிலிருந்து எதையும் எதிர்பார்க்க முடியாது. பொறுமையும் வேண்டும்: ஒரு வாரம் ஸ்லைடில் ஒன்றுமே தெரியாமல் இருந்து எழுந்த கல்ச்சர்கள் உண்டு. ஊடகத்தை மாற்றிக்கொண்டே, வாரம் ஒருமுறை சிறிது புது அணுக்கள் சேர்த்து மூன்று வாரம் பாருங்கள்.

## சார்பிட்டால் செய்தும் நிலைகள் கலந்தே இருக்கின்றன

5 சதவீத சார்பிட்டால், 37 டிகிரி, 10 நிமிடம். குளிர்ந்த சார்பிட்டாலை ஊற்றியிருந்தால் முதிர்ந்தவை தப்பிவிடும். இளம் ட்ரோஃபோசோயிட்டுகள் எப்படியும் தப்பும். சார்பிட்டாலால் மூத்தவைதான் உடையும். அதனால் ஒருமுறை செய்துவிட்டு ஒரே வயது என்று நம்ப வேண்டாம். அடுத்த சுழற்சியிலும் செய்யுங்கள். மிகக் குறுகிய வயது வித்தியாசம் வேண்டும் என்றால் அடர்த்தியால் பிரிக்கும் பெர்கால் கரைசல் அல்லது காந்தம் வைத்த பிரிப்புக் குழாய் கொண்டு சைசான்ட்களைப் பிரித்து, சில மணி நேரம் நுழையவிட்டு, பிறகு சார்பிட்டால்.

## பிறை வடிவங்கள் கூடுகின்றன

இவை கேமிட்டோசைட், கொசுவுக்குள் போவதற்கான பாலின நிலை. நெருக்கடியில் தள்ளப்பட்ட கல்ச்சர் இவற்றைப் பெருக்கும். இவை பெருகிப் பிரிவதில்லை. ஆகவே நீர்த்துக்கொண்டே போனால் தாமாகக் குறையும். எதிர்க் குறையும் வரும்: வேண்டும்போது வருவதில்லை. நெடுங்காலம் தொடர்ந்து வளர்த்த வகைகள் இந்தத் திறனை இழந்துவிடுவது உண்டு. குறைந்த நாள் வளர்த்த குப்பிக்குத் திரும்புங்கள்.

## மருந்துக்கு அடங்கிய வகை திடீரென அடங்கவில்லை

மருந்துக் கரைசல் பழையதா என்று பார்த்து, புதிதாகக் கரைத்து மறுபடி செய்யுங்கள். அதே முடிவு வந்தால் வகைகள் கலந்திருக்கலாம். ஆய்வகங்களில் வளர்க்கும் வகைகளில் 3டி7 குளோரோகுயின் மருந்துக்கு அடங்கும், டிடி2 அடங்காது. 3டி7 என்று எழுதிய ஃபிளாஸ்க் குளோரோகுயினைப் பொருட்படுத்தவில்லை என்றால் சீட்டை நம்பாதீர்கள். வகைக்கு வகை மாறும் எம்.எஸ்.பி.1, எம்.எஸ்.பி.2 மரபணுக்களைப் பி.சி.ஆரில் பார்த்தால் தெரிந்துவிடும். கலந்துவிட்டது உறுதியானால் அந்தத் தேதிக்குப் பின்னான முடிவுகளை ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கும். வலிக்கும், ஆனாலும் ஒதுக்கியே ஆக வேண்டும்.

## ஃபால்சிபாரம் அல்லாதது வளரவில்லை

இன்னொரு மலேரியா இனமான வைவாக்ஸ் என்றால் உங்கள் மேல் பிழை இல்லை. அது இளம் சிவப்பணுக்களையே நாடும். அதைத் தொடர்ந்து வளர்க்கும் நம்பகமான முறை இன்னும் இல்லை. மனித அணுக்களுக்குப் பழக்கிய நோலெசி (குரங்குகளிடமிருந்து வரும் மலேரியா இனம்) வகை 2013-லிருந்து இருக்கிறது. அதன் சுழற்சி ஒரு நாளைவிடச் சற்றுத்தான் அதிகம். 48 மணி கணக்கில் நீர்த்தால் கூட்டம் மிஞ்சிச் சாகும்.

## கையில் குத்திவிட்டது

இதில் எளிய காரணம், விலையுயர்ந்த காரணம் என்றெல்லாம் வரிசை இல்லை. ஊசியோ உடைந்த கண்ணாடியோ தோலைத் துளைத்தால் வேலையை அப்படியே நிறுத்தி, சோப்பும் நீரும் விட்டுக் கழுவி, பொறுப்பாளரிடம் சொல்லி, அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். கொசு இல்லாமலே தொற்று வரும், ரத்தத்தின் வழியாக வரும் மற்ற வைரஸ்களும் கணக்கில் உண்டு. சோதித்த ரத்தம் என்பதால் அலட்சியம் வேண்டாம். காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம்.

எந்த வகை, எந்த மருந்துக்கு அடங்காது என்பதை மருத்துவருக்கு எழுத்தில் கொடுங்கள். டிடி2 என்று தெரிந்தால் அவர் குளோரோகுயினை நம்பமாட்டார். எங்கள் ஹூடின் கதவில் வளர்க்கும் ஒவ்வொரு வகையின் பெயரும் அது எதிர்க்கும் மருந்துகளும் எழுதிய அட்டை ஒன்று ஒட்டியிருக்கிறது. அந்த நேரத்தில் கை நடுங்கும், நோட்டுப் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. அட்டையைப் பிய்த்து எடுத்துக்கொண்டு கிளம்பினால் போதும்.